போகாத நீலம்

"அஞ்சு வாட்டி சோப்பு போட்டாச்சு, நீலம் போகவே மாட்டேங்குது," என்று மனைவியிடம் விரல்களைக் காட்டினார் கோதண்டம்.

ஈஜிபுராவில் லாண்டரி வைத்து வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிறவர்களுக்கு இது சகஜம்தானே என்று மரகதம் கண்டுகொள்ளவில்லை. விரல் வலி தாங்காமல் அவர் டாக்டரிடம் கிளம்பியபோதுதான் கூடப் போனாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"விரலுக்கு எதுக்கு சார் நெஞ்சு எக்ஸ்ரே?"

"விரலுக்கு ரத்தம் சரியா போகலம்மா. உள்ளே கேன்சர் இருந்தாலும் சில பேருக்கு இப்படி ஆகும்."

"அது துணிக்குப் போடற நீலம் சார்."

"நீலத்துல கை விடறது இவரா?"

"நான்தான் சார். அவரு இஸ்திரி மட்டும்..."

பாதியில் நிறுத்தி, மரகதம் தன் கைகளைப் பார்த்தாள். பத்து விரலிலும் பொட்டு நீலம்கூட இல்லை.