தொண்ணூறாவது நாள்

"வீல்சேரை எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

ஹோட்டலில் எல்லோரும் 'பூட்டு' என்று கூப்பிடுகிறவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"யாருண்ணே?"

"உடையவங்கதான். காலையில எட்டு மணிக்கு."

இன்றுதான் தொண்ணூறாவது நாள்.

நாற்பது மாடி ஹோட்டல் அது. சுற்றிலும் வங்கிகளும் பங்குக் கம்பெனிகளும். தங்க வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் மறந்துவிட்டுப் போவார்கள். கைக்கடிகாரம், பல்செட்டு, ஒருமுறை கல்யாண மோதிரம்கூட. அறை சுத்தம் செய்கிறவர்கள் அதைக் கண்டெடுத்துத் தரைக்குக் கீழே இருக்கும் இந்த அறையில் ஒப்படைக்க வேண்டும். உடையவருக்கு ஒரே ஒரு கடிதம் போகும். தொண்ணூறு நாள் யாரும் வராவிட்டால் பொருள் கண்டெடுத்தவருக்கு.

அறைக்குப் பொறுப்பாளர்தான் பூட்டு. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தைக்கு வாய் திறப்பார். அதனால் அந்தப் பெயர்.

அவள் கண்டெடுத்தது இருபத்தேழாவது மாடியில், ஒரு மடக்குச் சக்கர நாற்காலி.

அவள் கணவரும் இதே ஹோட்டலில் வேலை பார்த்தவர்தான். வெளிக் கண்ணாடி துடைக்கிற வேலை. பதினொரு வருஷம் கயிற்றில் தொங்கியவருக்கு ஒரு கீறல் விழவில்லை. வீட்டுக் குளியலறையில் சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தார். விதிக்கு அவ்வளவு கிண்டல். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பதினாலு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். முதலில் பேச்சு குறைந்தது, அப்புறம் சாப்பாடு.

"ஒரு தடவை தெருவைப் பார்த்துட்டா போதும்" என்பார். அதைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

புதிதாக வாங்க வழியில்லை. அதனால் அவள் நாள் எண்ண ஆரம்பித்தாள். வாரம் தவறாமல் கீழே வந்து நாற்காலியைத் துடைத்து வைப்பாள். "அவரை இதுல உட்கார வச்சு வாசலுக்குத் தள்ளிட்டு வருவேன்ணே" என்பாள். பூட்டு "ம்" என்பார்.

"இன்னும் ஏழே நாள்தாங்க" என்று போன வாரம் சொன்னபோது, கணவர் தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"மூணு மாசமா கடுதாசிக்குப் பதிலே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? கடைசி நாள்ல எப்படிண்ணே வந்தாங்க?"

பூட்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மேஜைமேல் கிடந்த காகிதத்தை அவள் பார்த்தாள். இருபத்தேழாவது மாடி அறையின் எண், ஒரு போன் நம்பர், அதன் கீழே நாலு தேதிகள். எல்லாம் அவர் கையெழுத்து.

"நீங்க போன் பண்ணி வரச் சொன்னீங்களா?"

"மெதுவா பேசும்மா."

அவர் கண் பக்கத்து மேஜைக்குப் போய் வந்தது. அங்கே மேனேஜர், ஏதோ புது உத்தரவு என்று, அலமாரிப் பொருட்களைப் பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மெதுவா? எல்லாருக்கும் தெரியட்டும்! வேண்டாம்னு விட்டுட்டுப் போனவங்களை வீட்டுக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கே! ஒரு தடவை இல்ல, நாலு தடவை! எனக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னுதானே? ஒரு மனுஷன் வாசலைப் பார்த்தா உனக்கு வயிறு எரியுதா? நல்லா இருப்பியாய்யா நீ?"

மேனேஜர் தலை நிமிர்ந்தது.

"விருந்தினர் வீட்டுக்குப் போன் பண்ணினீங்களா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

பூட்டு பூட்டாகவே நின்றார்.

"பத்தொன்பது வருஷமா இருக்கீங்க. கடிதத்துக்கு மேல விருந்தினரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தெரியாதா? சாவிக்கொத்தை மேஜைமேல வச்சிட்டுக் கிளம்புங்க. நாளைக்கு வர வேண்டாம்."

சாவிக்கொத்து மேஜையில் விழுந்த சத்தம் அவள் காதுக்கு இதமாக இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த இதம் லிஃப்ட் வரைக்கும்கூட நிற்கவில்லை. பதின்மூன்று அறைகளுக்கு விரிப்பு மாற்றினாள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பொய்யை யோசித்தாள். "ரிப்பேருக்குப் போயிருக்குங்க." "இன்னும் ஒரு மாசம் ஆகுமாம்." எதைச் சொன்னாலும் அவர் மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிடுவார். இந்தத் தடவை திரும்பினால் அதோடு சரி என்று அவளுக்குத் தெரியும். எதற்கு இந்தப் பிழைப்பு என்றிருந்தது.

வெயில் தாழ வீட்டுக்குத் திரும்பினாள். கதவு திறந்து கிடந்தது.

வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே சக்கர நாற்காலியில். சைக்கிளில் போகிற யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? எப்படி?"

"ஒரு அம்மா காரில வந்து இறக்கிட்டுப் போனாங்க. டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரருமா என்னைத் தூக்கி உட்கார வச்சாங்க. அவங்க அப்பாவோடதாம். அவர் போய்ச் சேர்ந்துட்டார். பார்க்கப் பார்க்க அழுகை வருதுன்னு வேணும்னேதான் விட்டுட்டுப் போனாங்களாம்."

"அப்புறம்?"

"பெரிய பொருள் இனிமே கண்டெடுத்தவங்களுக்குக் கிடையாது, கம்பெனியே எடுத்துக்கும்னு போன மாசம் உத்தரவாம். உடையவங்களே நேர்ல வந்து வாங்கி நம்மகிட்ட கொடுத்தாத்தான் உண்டு. அதுக்காக உங்க ஆளு ஒருத்தர் நாலு தடவை போன் பண்ணிக் கெஞ்சியிருக்கார். நேத்துதான் அந்தம்மா சரின்னாங்களாம்."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்லிடு. மெதுவா சொல்லு. போன் பண்ணினது யார் காதுலயாவது விழுந்தா வேலை போயிடும்னு நாலு தடவையும் சொன்னாராம்."