தனபால் கட்டிய பொட்டணம்

காருக்குப் பின்னால் குந்தியிருந்து, இரண்டாவது பொட்டணத்திலும் செவ்வரளிப் பூவையே வைத்துக் கட்டினார் தனபால். அதில் வைக்க வேண்டிய வெள்ளை நந்தியாவட்டை அவர் செருப்புக்கடியில் கசங்கிக் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைப் புதருக்குள் தள்ளினார்.

ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்து வாழையிலையில் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கல்யாணத்துக்கு உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பவானிக்காரரான தனபாலுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருக்கும் நாச்சியம்மாளுக்கும் கல்யாணம் முடிவானதே ஒரு வெள்ளைப் பூவில்தான்.

மகள் நந்திதா, கூட வேலை செய்யும் நவநீதனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பையன் தங்கமானவன், அதில் தனபாலுக்கும் சந்தேகமில்லை. ஆகாதவர் பையனின் அப்பா, உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர் அங்கப்பன்.

பெண் பார்க்க வந்த அன்று, தனபால் தன் கடையிலேயே உசத்தியானதாகப் பார்த்து எடுத்துவந்து ஜமக்காளம் விரித்திருந்தார். அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, "சேர் இருந்தாப் போடுங்க" என்று கேட்ட மனிதர் இந்த அங்கப்பன். காலால்! சோறு போடும் ஜமக்காளத்தை! அன்றைக்கே இந்தச் சம்பந்தத்துக்கு மனசுக்குள் முழுக்குப் போட்டுவிட்டார் தனபால்.

அதனால்தான், "எங்க அம்மன்கிட்டயே பூப் போட்டுக் கேட்டுரலாமுங்க" என்று அங்கப்பன் சொன்னதும் உடனே தலையாட்டினார். கோயில் அவர்களுடையதாக இருக்கட்டும், பொட்டணம் கட்டுவது பெண் வீட்டு உரிமை ஆயிற்றே.

காலையிலிருந்து அங்கப்பன் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அமராவதி அணை, அதை அடுத்து முதலைப் பண்ணை.

"பாத்தீங்களா, எவ்வளவு பெருசுன்னு!"

"பாத்தனுங்க. உங்க ஊட்டுலயே பாத்த மாதிரித்தான் இருக்குதுங்க."

"இது கடிக்காதுங்க. பவானிக்காரங்க வாய்க்கு முதலை எவ்வளவோ தேவலைங்க."

ஒரு 'ங்க'வைக்கூடக் குறைக்காமல்தான் இருவரும் கடித்துக்கொண்டார்கள். அங்கப்பன் இளநீர் வெட்டிக் கொடுத்தபோது, "சளி புடிக்குமுங்க" என்று தனபால் கீழே வைத்துவிட்டார். மலையடிவாரத்து அருவியில் எல்லாரும் குளிக்க, அவர் மட்டும் தலை நனையாமல் பாறைமேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அருவித் தண்ணீர் ஓடையாக இறங்கும் இடத்தில்தான் அம்மன் கோயில். வாசலில் அங்கப்பன், குளித்துத் தலைவாரிப் பூ வைத்திருந்த நாச்சியம்மாளை நிறுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, தலைல இருக்கற மல்லிகையை எடுத்து வெச்சுட்டு வாங்க. எங்க அம்மனுக்கு ஆகாதுங்க."

தனபாலுக்கு ரத்தம் கொதித்தது. "கட்டுன புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கறன். என்ற பொண்டாட்டி தலைப்பூவைப் புடுங்கச் சொல்றானே!" என்று பல்லைக் கடித்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான், இந்த ஆளின் முகத்திலேயே முழிக்க வேண்டியதில்லை என்று பொறுத்துக்கொண்டார்.

பூசாரி இரண்டு பொட்டணத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். தனபால் நாலு பேர் காதில் விழும்படி குரலை உயர்த்தினார்.

"சாமி என்ன சொல்லுதோ அதுதான் முடிவுங்க. அப்பறம் ஒரு பேச்சு இருக்கக் கூடாதுங்க. சத்தியம் பண்ணுவீங்களா?"

"நான் மட்டுமில்லீங்க, நீங்களும் பண்ணோணும்," என்றார் அங்கப்பன்.

எரிகிற கற்பூரத்தை இருவரும் உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். தனபாலின் கைதான் முதலில் போயிற்று.

"நீயே எடு கண்ணு," என்றார் மகளிடம். "நாளைக்கு அப்பன் மேல பழி வரக்கூடாது பாரு."

பெற்ற மகளை இப்படி மாட்டிவிட ஒரு கல்மனசு வேண்டும். அன்றைக்கு அவருக்கு அது இருந்தது.

நந்திதா ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். இன்னொன்றை யாரும் தொடும் முன்பே எடுத்து, "இது எதுக்குங்க இனி?" என்று ஓடையில் வீசிவிட்டார் தனபால்.

பூசாரி இலையைப் பிரித்தார். செவ்வரளி.

நந்திதா முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் விசும்பலைக் கேட்டதும் தனபாலுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஆனால் எதிரே அங்கப்பனைப் பார்த்தார். கூப்பிய கை இறங்கவில்லை, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தனபாலுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

"அம்மனே சொல்லிப்போட்டா. நம்ம கையில என்னங்க இருக்குது?" என்று உச்சுக்கொட்டினார். "சத்தியம் சத்தியந்தானுங்களே?"

"சத்தியந்தானுங்க," என்றார் அங்கப்பன்.

"அப்பறமென்ன, வாரோமுங்க. எந்திரி கண்ணு, போலாம்."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தனபால் படியிறங்கினார். பின்னாலேயே ஓடிவந்த அங்கப்பன் அவரை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க சம்பந்தி? எங்க அம்மன் செவப்புலதானுங்க உத்தரவு குடுப்பா!"