பிலோமினா, வலது கை

எண்ணெயில் துளி சிலிக்கான் இருந்தாலும் ஆய்வகத்தில் பிலோமினாவிடம் தப்பாது. எண்ணெயைத் தண்ணீரோடு பால்போல வெளுக்கும்வரை குலுக்கிச் சோதனைக் கருவிக்குக் கொடுப்பாள். கருவி அதைச் சுடரில் எரித்து, ஒளியைப் பார்த்து அளவு சொல்லும். மூன்று நாளாக, எண்ணெயே சேர்க்காத தண்ணீரிலும் சிலிக்கான் காட்டியது.

"மெஷின் போச்சு" என்றார் புதிதாக வந்த மேலாளர் சந்திரசூடன்.

"மெஷின் மேல பழி போடாதீங்க சார். கையில என்ன தடவியிருக்கீங்க?"

"வெடிப்புக்கு ஒரு கிரீம்."

"அதுல சிலிக்கான் இருக்கு. அந்தக் கையாலதான தினமும் என் தண்ணி பாட்டிலத் திறந்து பாக்குறீங்க?"

அவர் முகம் சுருங்கியது. "உங்க கை மட்டும் சுத்தமா?"

பதினாறு வருடமாக எதுவும் தடவாமல் பாளம் பாளமாக வெடித்திருந்த விரல்களை, பிலோமினா ஒரு புதுப் பிளாஸ்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அந்தத் தண்ணீரைக் கருவிக்குக் கொடுத்துவிட்டு, மாதிரியின் பெயர் கேட்ட இடத்தில் "பிலோமினா, வலது கை" என்று அடித்தாள்.

பூஜ்ஜியம்.

அச்சிட்ட தாளை அவர்முன் வைத்தாள். "ரிப்போர்ட்டுன்னா உங்க கையெழுத்து வேணும் சார்."

சந்திரசூடன் பேனாவை எடுக்கப்போனவர், நின்று, கை கழுவப் போனார்.