குழந்தை பேசிய தமிழ்

துஷாந்தினியும் கணவனும் பண்டாரவளை வீட்டில் மகளிடம் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். இரண்டு வயதாகியும் குழந்தை வாய் திறக்கவில்லை. பிறந்தநாள் விருந்தில், எல்லோர் முன்னாலும், அது தெளிவாகப் பேசியது: "வெள்ளனா கொழுந்தெடுக்கப் போவணும், தேத்தண்ணி ஊத்துங்க."

அது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துத் தமிழ். வந்தவர்கள் சிரித்தார்கள். "யாருகிட்ட பழகுனா?" என்று கேட்டாள், துஷாந்தினியோடு பள்ளியில் படிப்பிக்கும் ரொஷானி.

துஷாந்தினிக்கு முகம் சுண்டிப்போனது. "வீட்டு வேலைக்கு ஒரு பொம்பள வருவா," என்றாள். அப்படி யாரும் வந்ததில்லை.

குழந்தை சமையற்கட்டுப் பக்கம், ஆளில்லாத குசினி வாசலைப் பார்த்தது. "பெரியம்மா, அழுவாதீங்க."

பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துத் துஷாந்தினியைப் படிக்கவைத்த அக்கா, குழந்தை பிறக்கும் முன்பே இறந்துபோனவள். அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை.

துஷாந்தினி தலைகுனிந்து கேக்கை வெட்டிக்கொண்டேயிருந்தாள். குசினிப் பக்கம் திரும்பவேயில்லை.