நாலாவது அப்பாயின்ட்மென்ட்

“அப்போ இந்தத் தடவையும் கேன்சல் பண்ணப் போறீங்க?”

தோசைக் கரண்டியும் கையுமாக அமலி கேட்டாள். ஜெபதாஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வியாழக்கிழமை ஆபீஸ்ல ஆடிட் இருக்கு அமலி. நான் இல்லாம முடியாது.”

“போன வருஷம் பிளான்ட் ஷட்டவுன்னீங்க. அதுக்கு முன்னாடி கிறிஸ்துமஸ் கொயர் பிராக்டிஸ்னீங்க. நீங்க பாட்டுப் பாடறதுக்கும் உங்க குடலுக்கும் என்னங்க சம்பந்தம்?”

ஜெபதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமலிக்கு வரவில்லை.

ஜெபதாஸின் அண்ணன் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. ஜெபதாஸுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இவரும் சமர்த்தாகத் தலையாட்டி நாள் வாங்கி வருவார். தேதி நெருங்கியதும் சத்தமில்லாமல் ரத்து செய்துவிடுவார். இப்படி மூன்று தடவை ஆகிவிட்டது.

“உள்ளதைச் சொல்லுங்க, பயமா?”

“எனக்கென்ன பயம்? ரெஃபைனரியில டவர் மேல ஏறினவன் நான்.”

“அப்போ கூச்சம். அட, மயக்க ஊசி போட்டுடுவாங்கங்க. அவங்க பார்க்கறதும் தெரியாது, முடிச்சதும் தெரியாது.”

“முதல் நாள் பட்டினி கிடக்கணுமே.”

“தவக்காலம் பூரா ஒருசந்தி இருக்கற மனுஷன் பேசற பேச்சா இது?”

ஜெபதாஸ் சட்னியைத் தொட்டுக்கொள்வதில் மும்முரமானார். மாட்டிக்கொண்டால் அவர் எப்போதும் சட்னியிடம்தான் அடைக்கலம் புகுவார்.

“உங்க பையன் ஜெஃப்ரினுக்குப் போன் போடறேன். அவன் வந்து கேட்டாத்தான் வழிக்கு வருவீங்க.”

“அவனை ஏன் நியூ ஜெர்சியிலேர்ந்து இழுக்கறே? குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகுது. பாவம், தூங்காம கிடக்கறான்.”

அமலி அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“என்னோட மேமோகிராமுக்கு மட்டும் வருஷம் தவறாம லீவு போட்டுட்டு வர்றீங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஜெபமாலையைக் கீழே வைக்கறதில்லை. உங்க உடம்புன்னா மட்டும் அவ்வளவு இளக்காரமா?”

“நீ எனக்கு வேணும்டி.”

“எனக்கு நீங்க வேண்டாமா?”

கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஜெபதாஸ் எச்சில் படாத இடது கையால் அவள் தலையை வருடினார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி, சரி, அழாதே. கிளம்பு, டேகேர்ல குழந்தைங்க எல்லாம் வந்துடும். உன்னை இறக்கி விட்டுட்டு நான் ஆபீஸ் போகணும்.”

அமலி வேலை பார்க்கும் டேகேர் சுகர் லேண்ட் ஊரில் ஒரு கோடி, அவர் ஆபீஸ் எதிர்க்கோடி. ஆனாலும் காலையில் இறக்கி விடுவதும் மாலையில் வந்து ஏற்றிக்கொள்வதும் அவர்தான். இந்தியக் கடை, மாதா கோயில் பூசை, சிநேகிதி வீட்டு வளைகாப்பு, எதுவானாலும் வாசலில் ஜெபதாஸின் கார் நிற்கும். “அமலிக்குப் பல்லக்கு வந்தாச்சு!” என்று கோயிலுக்கு வரும் பங்குப் பெண்கள் கேலி செய்வார்கள். அமலிக்கு உள்ளூரக் கொள்ளைப் பெருமை. இத்தனை கரிசனமுள்ள மனிதருக்குத் தன் உடம்பின்மேல் மட்டும் அக்கறையே இல்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போன நேரம், மேஜைமேல் அவருடைய போன் அடித்தது. கிளினிக்கின் பெயர். அமலி யோசிக்கவே இல்லை, எடுத்துவிட்டாள்.

“மிஸஸ் ஜெபதாஸா? உங்ககிட்ட எல்லாத்தையும் பேசலாம்னு அவர் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கார்,” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள் எதிர்முனைப் பெண். “வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டைக் கன்ஃபார்ம் பண்ணிக்கலாமா?”

“கண்டிப்பா வருவார். நான் கூட்டிட்டு வரேன். இனிமே அவரே கேன்சல் பண்ணச் சொன்னாலும் பண்ணாதீங்க. ஒண்ணுமில்ல, அவருக்குக் கொஞ்சம் பயம்.”

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“பயம்னு அவர் சொல்லலையே மேடம். மயக்கம் கொடுத்தா அன்னிக்கு அவர் கார் ஓட்டக் கூடாது. டாக்ஸியில தனியா அனுப்பவும் மாட்டோம். தெரிஞ்சவங்க ஒருத்தர் வந்து ஓட்டிட்டுப் போகணும். யார் வருவாங்கன்னு கேட்டதுமே மூணு தடவையும் வேண்டாம்னுட்டார். அவர் சொன்ன காரணத்தை இங்கே குறிச்சு வெச்சிருக்கு, படிக்கறேன்: ‘ஆறு வருடத்துக்கு முன் ஃப்ரீவேயில் நடந்த விபத்துக்குப் பிறகு மனைவி கார் ஓட்டுவதில்லை. கேட்டால் நடுங்கிப் போவாள். வேறு யாரையாவது கூப்பிட்டால், தன்னால் இதுகூட முடியவில்லையே என்று அழுவாள். அவளிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.’ ஐயோ, ஸாரி மேடம், கடைசி வரியை நான் கவனிக்கல.”

ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் ஜெபதாஸ். அவரைப் பார்க்கப் பார்க்க அமலிக்குக் கண் நிறைந்தது. மூன்று வருடமாகத் தான் திட்டித் தீர்த்த பயம் யாருடையது என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“லைன்ல இருக்கீங்களா மேடம்? ஓட்டிட்டுப் போறவங்கன்னு யார் பேரைப் போடட்டும்?”

“அமலி ஜெபதாஸ்னு போடுங்க,” என்றாள் அமலி, கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டே.