ஒரே ஒரு முப்பத்தைந்து

சீதாலெட்சுமி மூச்சு வாங்கப் படியேறி வந்து கேமராக் கடைக் கதவைத் தள்ளியபோது, லென்ஸ் ஏற்கெனவே உமையாள் கையில் இருந்தது.

அதுதானே. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் நடந்து வருகிறவள் எப்போது முந்தியிருக்கிறாள்? சுபாங் ஜெயாவிலிருந்து காரில் வருகிறவள்தான் முந்துவாள். அதுவும் இந்த வருஷம் டிரைவர் வேறு. தன் காரைத் தானே ஓட்டினால் கௌரவம் குறைந்துவிடும் போல.

கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இதே கதை. பேச்சுப் போட்டிக் கோப்பை உமையாளுக்கு. கைதட்டும் வேலை சீதாவுக்கு.

"நீயும் வந்துட்டியா," என்றாள் சீதா.

குரல் கேட்ட பிறகுதான் உமையாள் முகத்தில் சிரிப்பு வந்தது. "வா வா, உனக்காகத்தான் காத்திருக்கேன்."

எதிரே வந்து நிற்கிறவளைப் பார்த்ததும் சிரித்தால் முத்து உதிர்ந்துவிடுமா?

இருவரிடமும் ஒரே மாதிரி பழைய ஃபிலிம் கேமரா. கண்ணை வைத்துப் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் தெளிவாக விழும்.

இருவரிடமும் இருப்பது ஐம்பது எம்எம் லென்ஸ். ஞாயிறு காலையில் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் படம் எடுக்கப் போனால் அது போதாது. பூக்கட்டுகிற அக்காவையும் அவர் கடையையும் சேர்த்துப் பிடிக்கப் பின்னால் நகர்ந்தால், நடு ரோட்டில் நிற்க வேண்டும். பஸ்காரன் ஹாரன் அடிப்பான். கொஞ்சம் அகலமாகப் பிடிக்கிற முப்பத்தைந்து இருந்தால் நின்ற இடத்திலேயே எடுக்கலாம்.

சீதா அதற்காக ஏங்கிக் கிடந்தது ஊருக்கே தெரியும். கைப்பேசியில் எடுத்தால் ஆகாதா என்று கேட்ட அவள் வீட்டுக்காரர் நாகையா, அன்று உப்பில்லாத ரசம் சாப்பிட்டார்.

கடைக்காரர் குரு இரண்டு பேருக்கும் போன் போட்டிருக்கிறார். லென்ஸோ ஒன்று.

உமையாள் அதைத் தன் கேமராவில் மாட்டினாள். ஆனால் கண்ணருகே கொண்டுபோகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸுக்கு அடியில் இருந்த, தூரத்தைச் சரிசெய்கிற விரல் பிடியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.

"குரு, இப்ப எவ்வளவு தூரம்?"

"ஒன்றரை மீட்டர்க்கா."

"இப்ப?"

"மூணு."

சீதாவுக்கு வயிறு எரிந்தது. ஊரில் எல்லாரும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திண்டாடுகிறார்கள். இவள் இரண்டையும் மூடிக்கொண்டே எடுப்பாளாம். யாருக்குக் காட்டுகிறாள் இந்த வித்தையை?

சண்டை போட்டால் குரு முன்னால் அசிங்கம். சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த நாசூக்கு எதற்கு இருக்கிறது? உமையாளுக்கு இருபத்தெட்டுதான் பொருத்தம் என்று ஆரம்பித்தாள். அது இன்னும் அகலம். அவ்வளவு பெரிய ஹால், தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்கு வருகிற அவ்வளவு கூட்டம், எல்லாம் அதில்தான் அடங்கும் என்று அடுக்கினாள். குருவின் அலமாரியில் ஒன்று இருந்தது. அவரைக் கேட்காமலே எடுத்து நீட்டினாள்.

உமையாள் வாங்கி, அடிப்பக்கத்தைத் தடவினாள். இதில் விரல் வைக்கிற பிடி இல்லையே என்றாள்.

விரல் வைக்கிற பிடியாம். வைர மோதிரத்துக்குத் தோதாக இருக்க வேண்டும் போல.

அப்படியானால் உன் ஐம்பதே போதுமே, அதில் எடுத்த படம்தானே போன வருஷம் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது என்று சீதா குழைந்தாள். அந்தப் பரிசை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

உமையாள் முப்பத்தைந்தைக் கீழே வைக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கச் சீதாவின் நாசூக்கு கரைந்துபோயிற்று.

"எல்லாந்தான் உன்கிட்ட இருக்கு, உமா. இது ஒண்ணையாவது எனக்கு விட்டா என்ன லா?"

உமையாளின் விரல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக லென்ஸைக் கழற்றினாள். மேஜையை ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பூவை வைப்பது போல அதன்மேல் வைத்தாள்.

"நீ எடுத்துக்க, சீதா. நல்லா எடு. முதல்ல அந்தப் பூக்காரக்காவை எடு."

கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சுவரைப் பிடித்தபடி, கல்யாணப் பெண் மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

பெரிய மனசு காட்டுகிறாளாம். கையில் கிடைத்த பிறகும் சீதாவுக்கு எரிச்சல் அடங்கவில்லை.

"ஏன் குரு, என்னைக் கூப்பிட்டா போதாதா? எதுக்கு அவளையும் கூப்பிட்டீங்க? நினைச்சா அவ ஜெர்மனியிலருந்தே வரவழைப்பா."

லென்ஸைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த குரு நிமிர்ந்தார்.

"சொல்லக் கூடாதுன்னாங்கக்கா. அவங்களுக்குப் பார்வை போய்க்கிட்டிருக்கு. இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். கேமராவுல ரெண்டு உருவமும் ஒண்ணாச் சேருதான்னு இப்பவே தெரியலை. விரலாலேயே தூரத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு முப்பத்தஞ்சு தேடித் தரச் சொன்னாங்க. இது அவங்களுக்காக வரவழைச்சது."

"அப்புறம் என்னை எதுக்கு..."

"லென்ஸ் வந்துடுச்சுன்னு சொன்னதும், சீதாவையும் கூப்பிடுங்கன்னாங்க. அவளுக்கு வேணும்னா அவளே எடுத்துக்கட்டும்னாங்க."

குரு பெட்டியை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

"'நான் இன்னும் கொஞ்ச நாள்தானே எடுப்பேன், அவ ரொம்ப நாள் எடுப்பா'ன்னு சொன்னாங்கக்கா."