புகார் இறங்கிய காலை

கரைப் பனைகள் கறுப்பிலிருந்து நீலமாகி, நீலத்திலிருந்து சாம்பலாகி, லியோன் வள்ளத்துக்குள் வலையை இழுத்து முடிப்பதற்குள் இல்லாமலே போயின. எதிர்ப்பக்கத்துக் காரைநகர்த் தீவும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழு, மாசி மாதம். காற்று விழுந்து நாலு நாள். கடலுப்பும் தரவை வெளிப் புழுதியும் கிளம்பிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. விடியற்காலை ஈரத்தைக் குடித்து அவை ஊதிப்பெருக, புகார் வெண்மூட்டமாய்க் கடல்மேல் இறங்கிவிட்டது.

மற்ற நாட்களில் அந்தப் பனைகளின் நிறம்தான் லியோனுக்கு அளவு. கறுப்பாகத் தெரிந்தால் கரை கிட்ட. நீலம் வெளிறத் தொடங்கினால் போரைச் சொல்லி நேவி விதித்த எல்லை வந்துவிட்டது, திரும்பவேண்டும். எல்லை தாண்டிய வள்ளத்தைச் சுடுமுன் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

இப்போது தலைக்கு மேலும் பால், வள்ளத்துக்குக் கீழும் பால். சூரியன் நனைந்த செங்கல் நிறத்தில் எங்கோ கிடந்தது.

தடியில் கட்டியிருந்த வெள்ளைக் கொடியைக் கூட வந்திருந்த மைத்துனன் றொபேட் நிமிர்ந்து பார்த்தான். மீன்பிடி வள்ளம் என்று நேவியின் காவலரணுக்குத் தெரிவதற்காக எல்லாரும் கட்டியே ஆகவேண்டிய கொடி.

"மச்சான், வெள்ளைக்குள்ள வெள்ளை தெரியுமோ?"

லியோன் என்ஜினை நிறுத்தினான். கரை எந்தப் பக்கமென்று தெரியாமல் ஓட ஏலாது. சும்மா நின்றாலும் நீரோட்டம் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

அப்போதுதான் மணி கேட்டது.

ஊர்க் கோயிலின் சிலுவைக் கோபுரத்து மணி. பூசை மணியும் இல்லை, சாவு மணியும் இல்லை. பழக்கமில்லாத யாரோ ஒருவர் விட்டுவிட்டு இழுக்கும் மணி. ஆனால் நிற்கவேயில்லை.

மணியை இடக்கைப் பக்கம் விட்டால் இறங்குதுறை. காதை அந்தப் பக்கம் கொடுத்தபடி இருவரும் துடுப்புப் போட்டார்கள். அரை மணித்தியாலம். வெண்மைக்குள் முதலில் ஒரு சாம்பல் கீறு வந்தது. பிறகு நீலம். பிறகு கறுப்பு. கடைசியில் ஓலைகளின் பச்சை.

பச்சை என்றொரு நிறம் இருப்பதையே அன்றுதான் கண்டவன் போல லியோன் பார்த்தான்.

அவன் மனைவி யூலியானா இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றாள். அவளுக்குப் பின்னால், கடலுக்குப் போன மற்ற நாலு வள்ளங்களும் கரையேறிக் கிடந்தன.

"நீங்கள்தான் கடைசி" என்றாள். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள்.

அவர்களுடைய வள்ளமும் மணலைத் தொட்டது. சற்று நேரத்தில் மணி நின்றது.

கரையில் நின்ற சனம் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கோயிலுக்குள் அவர்கள் கால்வைத்து ஆறு வருடம். முள்ளுக்கம்பிக்கு உள்ளே, நேவி முகாமுக்குள் இருந்தது அது.

விடியமுன் கடலுக்குப் போகையில் ஒப்படைத்த அடையாள அட்டையை வாங்கக் காவலரணுக்குப் போனபோது, லியோன் இருந்ததில் நல்ல பாரை மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே நின்ற நேவிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. லியோனுக்குச் சிங்களம் தெரியாது. மீனை மண்மூட்டைமேல் வைத்தான். ஏன் என்று நேவிக்காரன் கையால் கேட்டான்.

லியோன் இரண்டு கைகளையும் உயர்த்தி, இல்லாத ஒரு கயிற்றை மெல்ல இழுத்துக் காட்டினான்.

நேவிக்காரன் முகாமைத் திரும்பிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்த பிறகு மீனை எடுத்து உள்ளே வைத்தான்.

பிறகு, வழக்கமாக மண்மூட்டைமேல் எறியும் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினான்.